மௌனசாமியின் மாத்திரை

எங்கள் ஊரில் புத்தி பிசகினவர்களுக்கு இரண்டே பெயர்தான். அழுக்கு வேட்டி கட்டியிருந்தால் பைத்தியம், காவி கட்டியிருந்தால் சித்தர். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று திருவண்ணாமலையில் யாருக்கும் தோன்றாது. அப்பா விஷயத்தில் எங்கள் வீட்டுக்கே தோன்றவில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வாய் ஓயாத மனிதர். பௌர்ணமி வந்தாலே மலை சுற்ற வரும் கூட்டத்தைத் திட்டித் தீர்ப்பார். தூக்கத்தில்கூடக் கத்துவார், காலை உதறுவார். அம்மா போன பிறகு செங்கம் ரோட்டில் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கிளார்க். குடியிருப்பும் அங்கேயே.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடம். சுவரோரம் இரண்டு பெண் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொல்ல ஆரம்பித்தார். "பாவாட ஈரமா கீது பாரு, தொடச்சி உடும்மா" என்பார். அங்கே யாரும் இல்லை. ஒரு நாள் தெளிவாகப் பேப்பர் படிப்பார், மறுநாள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்பார். கையும் லேசாக நடுங்கியது. உள்ளூர் டாக்டர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஹாலோபெரிடால் எழுதிக் கொடுத்தார். இல்லாததைப் பார்ப்பது நின்றுவிடுமாம். அண்ணி தொலைக்காட்சித் தொடர் நேரத்தைத் தவிர வேறு நேரம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதவள். அதனால் காலையும் மாலையும் நானே போய், மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்து ஊட்டினேன்.

குழந்தைகள் போய்விட்டார்கள். கூடவே அப்பாவும் போய்விட்டார். இரண்டு வாரத்தில் உடம்பு மரக்கட்டையாக விறைத்தது. கண் இமைக்கவில்லை, வாய் திறக்கவில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண்தான் முதலில் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். இவ்வளவு ஆழமான மௌனத்தை இந்தியா முழுக்கத் தேடியும் பார்க்கவில்லையாம். அவள் நாலு பேரிடம் சொல்ல, நாலு நாற்பதானது. அண்ணி காவித் துண்டு வாங்கிப் போர்த்தினாள், கர்ப்பூரம் ஏற்றினாள். வாயோரம் வழிந்த எச்சிலைப் பிரசாதமாகத் துடைத்துக்கொண்டு போன மகானுபாவர்களையும் பார்த்தேன். படித்தவர்கள்தான், இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள்.

"அப்பாவ சென்னைக்கு இட்டுனு போவணும்" என்றேன் அண்ணனிடம்.

"சும்மா இரு. அப்பா சமாதி நிலையில கீறாரு."

"இப்படியே உட்டா சமாதிக்குத்தான் போவாரு."

"பௌர்ணமி முடியட்டும். வெளியூர்லேந்து ஆளுங்க வராங்க" என்றான். பெற்ற அப்பனை வைத்துத் திருவிழா நடத்துகிறவனிடம் என்ன பேசுவது? பௌர்ணமி முடிந்த மறுநாள், அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து, கார் வைத்து நானே அழைத்துப் போனேன்.

சென்னை நரம்பு டாக்டர் அப்பாவின் கையைத் தூக்கி விட்டார். அது அந்தரத்திலேயே நின்றது. "மறதி நோய்னா ஒண்ணே ஒண்ணு இல்லம்மா, பல வகை இருக்கு" என்றார். அல்சைமரில் முதலில் ஞாபகம் போகுமாம். மூளை ரத்தக்குழாய் அடைத்து வருவது படிப்படியாக இறங்குமாம். அப்பாவுக்கு வந்திருப்பது லூயி பாடி என்கிற இன்னொரு வகை. இல்லாத ஆட்கள் தெரிவது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் மந்தம், கை நடுக்கம், தூக்கத்தில் உதறுவது எல்லாம் அதன் லட்சணம். "இந்த வகைக்கு ஹாலோபெரிடால் விஷம் மாதிரி. உயிரே போயிருக்கும். யார் குடுத்தது?"

எழுதியது டாக்டர். கொடுத்தது நான். இரண்டையும் சொன்னேன்.

அதை நிறுத்தி, ரிவாஸ்டிக்மின் எழுதினார். குணமாகாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் என்றார். அப்பாவை நேராக வேங்கிக்காலுக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் வந்து குதித்தான். சாமியைக் கடத்திவிட்டேனாம். டாக்டர் சீட்டை நீட்டினேன், தொடக்கூட மறுத்தான். பக்தர்களோ பத்தே நாளில் அடி அண்ணாமலைப் பக்கம் வேறொரு மௌனத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். மலையைச் சுற்றிலும் அதற்கா பஞ்சம்?

ஒரு மாதம் ஓடியிருக்கும். காலையில் கஞ்சி ஊட்டும்போது அப்பா வாயைத் திறந்து பேசினார். குரல் கரகரத்தது.

"அங்க நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டுனுதான் இருந்துச்சு. கர்ப்பூரப் பொகையில தொண்ட காஞ்சி போச்சு. தண்ணி தண்ணினு உள்ளுக்குள்ளயே கத்துனேன். வாய் தொறக்கல."

கஞ்சிக் கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்தேன். "அதுங்க எல்லாம் முட்டாளுங்கப்பா. ஒண்ணுத்துக்காவது மூஞ்சியப் பாத்தா தெரியலயா?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில்.

"நீயுந்தான்மா அன்னிக்கிக் கை கூப்பினு உக்காந்துனு இருந்த."

உட்கார்ந்திருந்தேன். அந்தப் பௌர்ணமியன்று, கடைசி வரிசையில், யாருக்கும் தெரியாது என்று நினைத்து. ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அத்தனை கூட்டத்திலும் அப்பாவின் கண் என்னை மட்டுமே பார்த்தபடி இருந்தது. அதை அருள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.