சிமெண்டுக்குள் நின்ற ரம்புத்தான்

பத்து பகாட் ஊரில் என் வீட்டு ரம்புத்தான் மரம் இரண்டு வருடமாகக் காய்க்காமல் இருந்தது. இலையும் பாதி கொட்டிவிட்டது. வெட்டித் தொலைக்கலாமென்று மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். குட்டையான ஆள், பெரிய தொப்பை. வந்தவர் ரம்பத்தைத் தொடாமல் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

“கார் நிறுத்த சிமெண்டு போட்டது யாருண்ணே?”

“நான்தான். அதுக்கென்ன?”

“அடிமரம் வரைக்கும் பூசிட்டீங்க. அது எப்படித் தண்ணி குடிக்கும்? மரத்த வெட்ட மாட்டேன் லா. சிமெண்ட உடைக்கிறேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டிக்கொண்டேதான் சம்மட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

இந்த வருடம் கிளை ஒடியுமளவு காய்த்திருக்கிறது. அந்த மனுஷன் மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் ஹார்ன் அடித்துக் கையசைக்கிறார், மரத்துக்கு. வாசலில் நிற்கும் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.