சிவப்புப் பொட்டு ஒட்டிய பட்டன்

சரிதாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் முதலில் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். எங்கள் எஸ்டேட் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை அவளுக்கு. நான் ஸ்டோர், அவள் கம்ப்யூட்டர். ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்யச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். "இதத்தான நேத்தும் செஞ்சேன், அதுவே செஞ்சுக்கிட்டா என்ன உமாக்கா?" என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போட்டவள். இந்தச் சோம்பேறித்தனத்தை அங்கேதான் கற்றுக்கொண்டு வந்தாள்.

ஓவேலிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்கு மூன்று பக்கமும் காடு. காட்டோரம் காவல் நிற்கும் விஜயன் யானையைப் பார்த்தால் ஆபீசுக்குப் போன் செய்வான். உடனே சரிதா அந்தப் பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், குடியிருக்கும் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்ப வேண்டும். பக்கத்தைத் திறந்து, லயத்தைத் தேடி டிக் அடித்து, தமிழில் டைப் செய்து முடிப்பதற்குள் யானை ஊர்வலமே முடித்துவிடும். ஒரு தடவை லயத்துக்காரர் பழனியாண்டி அண்ணனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அவர் யானைக்குப் பயந்து ஓடி, கால் ஒடிந்து சாக்கடையில் கிடந்தார்.

சரிதா அன்றைக்கு முழுக்க அழுதாள். மறுநாள் ஏதோ ஒரு சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரு தடவை மவுஸை நகர்த்தி, க்ளிக் செய்து, டைப் அடித்துக் காட்டினால் அது அத்தனையையும் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதற்கென்று ஒரு பட்டனை ஒதுக்கிவிட்டால் போதும். மேட்டு லயத்துக்கு எஃப் 5, கோயில் லயத்துக்கு எஃப் 6, பள்ளத்து லயத்துக்கு எஃப் 7. அவசரத்தில் விரல் தடுமாறக் கூடாதென்று தன் பொட்டு அட்டையிலிருந்து பச்சை, கறுப்பு, சிவப்பு என்று ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒட்டினாள். பட்டனை அமுக்கினால் மவுஸ் அம்பு பேய் பிடித்த மாதிரி திரையில் தானாக ஓடும். முதல் நாள் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

செய்தி எப்போதும் ஒன்றுதான்: 'பெரியவர் உங்கள் பக்கம் வருகிறார், கவனம்.' லயத்தில் யாரும் யானை என்ற பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வந்து நிற்குமென்று பயம். புது மானேஜர் வந்த வாரம் இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, கம்பெனி முதலாளிதான் வருகிறாரென்று டை கட்டி வாசலில் நின்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

சரிதா குடியிருப்பதும் பள்ளத்து லயத்தில்தான். அதனால் சிவப்புப் பொட்டை அமுக்கும் போதெல்லாம் அவள் கைப்பைக்குள் இருக்கும் போனும் சேவல் மாதிரி கூவும். அந்தக் கண்றாவிச் சத்தத்தை மாற்றச் சொல்லி நான் கெஞ்சியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். காலையிலேயே, ஃபாக்டரியில் வேலை செய்யும் புருஷன் ஏகநாதனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். "ஒனக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் புருசன், எங்கிட்ட என்ன பேச்சு" என்று அவன் சொல்லிவிட்டானாம். நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் ஃபாக்டரிச் சங்கு ஊதி முடிந்த கையோடு விஜயன் கூப்பிட்டான்.

"சேச்சி, ஆனை எறங்கியாச்சு. குட்டியும் உண்டு. பள்ளத்துப் பாதைக்குத்தான் போகுது, வேகம்!"

சிவப்புப் பொட்டை அமுக்கினாள். அம்பு ஓடியது, டிக் விழுந்தது, எழுத்து வந்தது, அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தது. நான் என் வேலைக்குத் திரும்பினேன்.

"உமாக்கா, சேவல் கூவல."

"டவர் இருக்காது, விடு புள்ள."

"டவர் இருக்குக்கா." கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். திரையை உற்றுப் பார்த்தவள் "ஐயோ" என்றாள். மத்தியானம் யாரோ ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் என்று ஒரு புது வரியைப் பட்டியலின் தலையில் சேர்த்திருந்தார்கள். எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பட்டனுக்கு இடம்தான் தெரியும், பேர் தெரியுமா? செய்தி கோயில் லயத்துக்குப் போய்விட்டது.

நான் ஃபாக்டரிக்குப் போன் போட்டேன். "ஏகநாதனா? இப்பத்தான் பள்ளத்து வழியா எறங்கிப் போனாரு" என்றார்கள். சரிதா அவனைக் கூப்பிட்டாள். ஒரு மணி அடித்ததும் கட் பண்ணினான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கட். காலைச் சண்டையின் கோபம்!

அவள் விரல் பழக்கத்தில் மறுபடி சிவப்புப் பொட்டுக்கே போனது. "அடியே, அதத் தொடாத! கையால அனுப்பு!" என்று கத்தினேன். மவுஸைப் பிடித்துப் பள்ளத்து லயத்தில் டிக் அடித்தாள். செய்தி அடிக்கும் கட்டம் காலியாக நின்றது. ஒரு வருஷமாக ஒரே பட்டனை அமுக்கிய விரல். தமிழ் எழுத்து எது எங்கே இருக்கிறதென்று மறந்துவிட்டது. 'பெ' வரவில்லை. அழித்தாள். வேறென்னவோ வந்தது. அதையும் அழித்தாள். "வர மாட்டேங்குதுக்கா" என்று அழுதுகொண்டே எதையோ தட்டி அனுப்பினாள்.

கைப்பைக்கு வெளியே கிடந்த போன் கூவியது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை.

'ஆனை.'

ஏகநாதன் வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபீஸ் வாசலில் நனைந்த கோழியாக வந்து நின்றான். சரிதா எழுந்து போய்க் கைப்பையாலேயே அவனை அடித்தாள். "கட் பண்ணுவியா? இனிமே கட் பண்ணுவியாய்யா?" அவன் தடுக்கவில்லை.

"கட் பண்ணுன கையிலதான் போன் இருந்துச்சு, உடனே மெசேஜ் வந்துச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "பெரியவருன்னு வந்திருந்தா நடந்திருப்பேங்க அக்கா. அதான் தெனமும் வருதே, யாரு படிக்கிறா? ஆனைன்னு மொட்டையா இருந்துச்சு. எங்க லயத்துல யாரும் அந்தப் பேரச் சொல்லமாட்டாங்களே, அதச் சொல்லியிருக்குன்னா என்னமோ ஆயிப்போச்சுன்னு அப்படியே நின்னுட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் மூங்கில் முறியுற சத்தம் கேட்டுச்சு."

பொட்டுகள் இன்னும் அந்தப் பட்டன்களில்தான் இருக்கின்றன. ஆனால் மறுநாள் எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்தாள். இப்போது அமுக்கினால் அம்பு ஓடிப் பக்கத்தைத் திறந்து, லயப் பட்டியலில் போய் நின்றுவிடும். லயத்தின் பேரை அவள் வாய்விட்டுப் படித்து டிக் அடிக்கிறாள். செய்தியைத் தன் விரலாலேயே, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி எழுதுகிறாள். ஒரே வேலையைத் திரும்பச் செய்ய அவள் முகம் சுளிக்காமல் நான் பார்த்தது அந்த ஒன்றில்தான்.