ஆறு நிமிட மெமோ

மார்ச் 3 (மதியத்திலிருந்து): நான்கு தடவை, 24 நிமிடம்.
மார்ச் 4: ஏழு தடவை, 42 நிமிடம்.
மார்ச் 5: ஏழு தடவை, 42 நிமிடம்.

கிடங்கு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் பில் போடும் அக்கா, தன் கம்ப்யூட்டர் அசையாமல் நின்ற நேரத்தையெல்லாம் இப்படித்தான் நோட்டில் குறித்து வைத்தாள். வேலை நேரத்தில் சும்மா இருந்ததாக மேனேஜர் இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

சர்வீஸ் செய்ய வந்தவர் நோட்டைப் புரட்டினார். "மணிக்கு ஒரு தடவை, சரியா ஆறு நிமிஷமா?" என்று கம்ப்யூட்டருக்குள் துழாவினார். "அக்கா, மெஷின்ல கோளாறே இல்ல. நீங்க வேலை செய்யறீங்களான்னு பார்க்க மேனேஜர் ஒரு புரோகிராம் போட்டிருக்கார். அது மணிக்கு மணி உங்க திரையோட படங்களை அவருக்கு அனுப்பும்போது மத்ததெல்லாம் நின்னுடுது."

அக்காவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேனேஜர் அறைக்குள் போய் நோட்டை மேஜையில் அறைந்தாள்.

"என் கையைக் கட்டிப்போட்டதும் நீங்க, சும்மா இருந்தேன்னு எழுதினதும் நீங்களா சார்?"

"இது கம்பெனி நடைமுறைம்மா."

"அப்ப அந்த மெமோவை உங்க புரோகிராமுக்கே கொடுங்க!"

அன்றே நோட்டின் நகலோடு முதலாளிக்கு எழுதினாள். மெமோ இரண்டும் ரத்து என்று பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். மார்ச் 19: கடிதம் ஒன்று, வருத்தம் பூஜ்யம்.