பெயர் தெரியாத பாய்க்கப்பல்

மார்க்கண்டு பிடிவாதக்காரர் என்பது பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுக்கத் தெரிந்த செய்தி. பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் முப்பது வருடமாக இருக்கிறார். வயது அறுபத்தாறு. முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் வீடு மாறச் சொன்னவர்களோடு முகம்கொடுத்துப் பேசமாட்டார். உணவகங்களில் கோப்பை கழுவியே இளமை போயிற்று; இப்போது வீடு துடைக்கும் மெனாஜ் வேலை. இந்தப் பிடிவாதத்தால் அவர் இழந்தது கொஞ்சம்தான். அதிகம் இழந்தவள் அவருடைய தங்கை ரதிதேவி.

1998இல் ரதிதேவிக்கு இருபத்தொன்பது வயது. சேந்தனைக் கட்டப்போவதாக அண்ணனிடம் நேரே வந்து சொன்னாள். சேந்தன் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சாதகமும் பொருந்தியது. சல்லடை போட்டுத் தேடினாலும் அவனிடம் ஒரே ஒரு குறைதான் அகப்படும். அவன் பொன்னம்பலத்தின் பேரன்.

பொன்னம்பலம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தண்டையலாக இருந்தவர். பாய்க்கப்பலை நடத்தும் தலைவனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கப்பல் மார்க்கண்டுவின் பாட்டனுடையது. இரண்டு பாய்மரம், பாக்கியலெட்சுமி என்று பெயர். உலக யுத்தம் நடந்த 1944இல், தை மாதக் கடைசியில், அரிசியும் கயிற்றுக் கட்டுகளும் ஏற்றிக்கொண்டு ஒன்பது பேரோடு கொச்சியிலிருந்து ஊருக்குப் புறப்பட்டது. வந்து சேரவில்லை. அந்தக் கிழமை புயலும் இல்லை, மழையும் இல்லை. யுத்தகாலத்தில் அரிசிக்கு இருந்த கிராக்கியைச் சொல்லவேண்டியதில்லை. பொன்னம்பலம் கப்பலைச் சரக்கோடு விற்றுவிட்டுக் கொச்சிக்கே திரும்பிவிட்டான் என்று முடிவுகட்டினார்கள். சிவப்புச் சால்வையோடு சந்தையில் நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மலையாளத்துப் பெண்சாதி வந்தாள். வதந்திக்கு வயதேற வயதேறப் பிள்ளைகளும் பிறந்தன. மற்ற எட்டுப் பேரும் தாய்மாருக்கு ஒரு கடிதம்கூடப் போடாமல் எங்கே போனார்கள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இதைக் கேட்டு வளர்ந்தவர் மார்க்கண்டு. தங்கை வந்து நின்றதும் வெடித்துவிட்டார்.

“எங்கடை கப்பலை வித்துத் திண்டவன்ரை வீட்டிலையோ நாங்கள் சம்பந்தம் செய்யிறது? என்ரை பிரேதத்தைத் தாண்டிப் போ!”

ரதிதேவி தாண்டவில்லை. தகப்பன் இல்லாத பெண்ணைப் பாரிசுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அந்த அண்ணன்தான். சேந்தன் நாலு வருடம் பொறுத்துப் பார்த்தான். பிறகு தாய் காட்டிய சாம்பவியைக் கட்டினான், மூன்று பிள்ளைகள். ரதிதேவி அதற்குப் பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டவில்லை. தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சேலைக் கடையின் உள்ளறையில் மற்றவர்களின் கலியாணத்துக்குச் சட்டை தைக்கிறாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், பாத்திரம் கழுவிவைத்துவிட்டுப் போவாள். சண்டை பிடித்திருந்தாலாவது மார்க்கண்டுவுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

மார்க்கண்டு செவ்வாயும் வெள்ளியும் வீடு துடைக்கப் போகும் இடங்களில் ஒன்று மார்செல் என்ற கிழவருடையது. ரயில்வேயில் இருந்து இளைப்பாறியவர், தனிக்கட்டை. அவருடைய சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. முழுக்கக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பும் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கதை.

“முசியே மார்க்கண்டு, போர்தோ துறைமுகத்தில் ஜெர்மன்காரர்கள் நீர்மூழ்கிகளுக்குக் கட்டிய கொங்கிறீற் கூரை இன்னும் நிற்கிறது. என் அப்பா அதற்குச் சீமெந்து குழைத்தவர். பதினெட்டு வயது, மறுத்தால் ஜெர்மனிக்கு ஏற்றிவிடுவார்கள். அந்தக் கூரைக்குக் கீழிருந்து போனவை யார் யாரைக் கொன்றன என்று மகனாவது தெரிந்திருக்க வேண்டாமா?”

“அதுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றார் மார்க்கண்டு, தமக்குத் தெரிந்த சமையலறைப் பிரெஞ்சில். “நீங்கள் அப்போது பிறக்கவே இல்லையே.”

இதைச் சொன்னவர் நம்முடைய மார்க்கண்டுதான். சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கவும் இல்லை. வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தூசு தட்டுவதற்காக ஒரு கோப்பை எடுத்தபோது அதிலிருந்த வரைபடம் கண்ணில் பட்டது. கன்னியாகுமரி, மன்னார் வளைகுடா, இலங்கை. கடலில் ஒரு சிவப்புப் புள்ளி. இது என்ன என்று கேட்டார்.

கேட்க ஆளில்லாமல் இருந்த மார்செல் முதலிலிருந்தே தொடங்கிவிட்டார். பிரேமனில் கட்டிய நீர்மூழ்கி. அட்லாண்டிக்கில் இரண்டு பயணம், மூன்று சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. பிறகு போர்தோவில் அந்தக் கூரைக்குக் கீழே பழுதுபார்த்தார்கள். 1943 கோடையில் ஆபிரிக்காவைச் சுற்றி இந்து சமுத்திரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். பிறகு பினாங்குத் துறைமுகத்தில் ஒதுங்கியது. அடுத்த பயணத்தில் விமானம் போட்ட குண்டில் ஐம்பத்திரண்டு பேரோடு மூழ்கியது. பினாங்கில் கொடுத்துவிட்டுப் போன கப்பல் நாட்குறிப்பின் பிரதி மட்டும் தப்பியது.

“இந்தப் புள்ளி?”

“அது சின்ன விஷயம். ஒரு பாய்க்கப்பல். மூழ்கடித்தவற்றின் பட்டியலில் பெயர் தெரியாது என்றுதான் இருக்கிறது.”

மார்செல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாட்குறிப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை மெல்ல மெல்ல வாசித்தார். 1944 மாசி மாதம் மூன்றாம் திகதி, காலை. இரண்டு பாய்மரம், சுமார் நூற்றைம்பது தொன். பின்பக்கத்தில் பெயர் எழுதியிருக்கிறது. எங்களில் எவருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. ஆட்களைச் சிறுபடகில் இறங்கும்படி சைகை காட்டினோம். எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருவர் சுக்கானை விட்டு வரவில்லை. கையை ஆட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் பொறுத்தோம். பிறகு பீரங்கி, பத்தொன்பது குண்டுகள். கயிற்றுக் கட்டுகள் மிதந்தன.

மார்க்கண்டு கதிரையில் இருந்துவிட்டார். வேலைநேரத்தில் அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எட்டும் ஒன்றும் ஒன்பது. சுக்கானில் நிற்பவர் தண்டையல். கொச்சியிலிருந்து புறப்பட்டு ஐந்தாம் நாள். எட்டுப் பேர் இறங்கிய படகு எந்தக் கரையையும் தொடவில்லை. அந்த எழுத்தை வாசிக்க ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒன்றாம் வகுப்புப் படித்திருந்தால் போதும். திருடன் என்று அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் திட்டிய மனிதன், அவர்களுடைய கப்பலை விட்டு இறங்கமாட்டேன் என்று நின்று செத்திருக்கிறான். மார்க்கண்டுவுக்கு அழுகை வந்தது. மார்செல் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம், சேலைக் கடையின் உள்ளறைக்குப் போனார். ரதிதேவி ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலையிடத்துக்கு வந்ததைக் கண்டு பயந்துபோனாள்.

“ஆருக்கும் ஏதுமோ?”

“இல்லைப் பிள்ளை. இரு, சொல்லுறன்.”

எல்லாவற்றையும் சொன்னார். நாட்குறிப்பைத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். சுக்கானைப் பற்றி இரண்டு தரம் சொன்னார். கடைசியில் கடதாசியை மேசையில் விரித்துத் தடவினார்.

“பொன்னம்பலம் விக்கேல்லை ரதி. கப்பல் கடலிலை தாண்டுதான் போச்சுது. எங்களுக்கு ஒண்டும் தெரியாமல் போச்சு.”

அவள் கடதாசியைக் கையில் எடுத்து, விளங்காத பிரெஞ்சு வரிகளை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மார்க்கண்டுவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இருபத்தேழு வருடம் நெஞ்சில் கிடந்த பாரத்தை இந்த ஒரு தாள் இறக்கிவிடும் என்று முந்தின இரவு முழுக்க நம்பியிருந்தவர் அவர்.

“அண்ணை, ஒண்டு கேப்பன். மறைக்காமல் சொல்லுவீங்களோ?”

“கேள்.”

“இதிலை, அந்த மனுசன் கப்பலை வித்துத்தான் போட்டார் எண்டு எழுதிக் கிடந்திருந்தால், இண்டைக்கு இஞ்சை வந்திருப்பீங்களோ?”

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஓடி வரவும் செய்தது. ஆனால் தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றார்.

“சரிதான் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு வீட்டை இருந்திருப்பியள்.”

“ஓம்.”

“நான் கேட்டது தண்டையலை இல்லை அண்ணை. சேந்தனைத்தான். அவர் என்னத்தை வித்தவர்?”

நீங்கள் பிறக்கவே இல்லையே என்று மார்செலுக்குத் தாம் சொன்ன ஆறுதல் அப்போதுதான் மார்க்கண்டுவுக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரனுக்கு அரை நிமிடத்தில் கொடுத்த நியாயத்தைக் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க அவரிடம் மனம் இருந்ததில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

“நான் பிழை விட்டிட்டன் ரதி” என்றார். “தெரியாமல் இல்லை. தெரிஞ்சுதான்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடதாசியை நாலாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

“இதை அவையின்ரை வீட்டிலை கொண்டுபோய்க் குடுங்கோ. அவையின்ரை ஆள் எப்பிடிச் செத்தவர் எண்டு அவைக்குத் தெரியத்தான் வேணும். சேந்தன்ரை தகப்பன், திருடன்ரை மகன் எண்டு கேட்டுக் கேட்டே போய்ச் சேந்தவர்.”

“எனக்கு வீடு தெரியாதே. கூசேன்வில்லிலை எங்கை எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

ரதிதேவி அளவு குறிக்கும் கடதாசித் துண்டு ஒன்றைக் கிழித்தாள். கைபேசியை எடுக்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. வீட்டு இலக்கம், தெருப் பெயர், எத்தனையாம் மாடி, கீழ்க் கதவைத் திறக்கும் நாலு இலக்கம் என்று நிறுத்தாமல் எழுதி அண்ணனிடம் நீட்டிவிட்டு, தையல் மெஷினின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.