வான்கதவுக்கு உள்ளே போனவன்

கேம் கடைக்காரனுக்கு வேலை இரண்டு: கன்ட்ரோலரில் ஒட்டிய வியர்வையைத் துடைப்பது, கதையின் முடிவைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது. இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்பது மருந்துக் கடையிலும் இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை முகத்தில் காட்டாமல் ஆட்களைப் பார்க்க வேண்டிய பாவப்பட்ட சனம் நாமெல்லாம்.

என் கடை கண்டிப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, மாடியில். ஐந்து டீவி, ஐந்து கதிரை. கேம்களில் பேச்சும் எழுத்தும் இங்கிலீஷ்தான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது. அதனால் கதிரைக்குப் பின்னால் நின்று தமிழிலோ சிங்களத்திலோ கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். இந்தச் சேவைக்காகவே, 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது.

வளர்த்தவன் கேட்டது

என்னை மாட்டிவிட்ட கேமின் கதாநாயகன் ஓர் அணைக்கட்டுக் காவல்காரன். கடைசியில் பெருவெள்ளம் வருகிறது. அணைத் தண்ணீரை வெளியே விடுகிற வான்கதவை உள்ளே இருந்துதான் மூட முடியும். அவன் போகிறான், கதவு இறங்குகிறது, திரை வெள்ளையாகிறது. அவனுடைய மரணத்தால் ஊர் பிழைத்தது என்று மூன்று வரி எழுத்து வரும். அவ்வளவுதான்.

என் கடையில் முதன்முதலாக இதை முடித்தவர் அலவத்துகொடை ரிஸ்வான். ஓட்டோ ஓட்டுகிறவர், மீசை வைத்த பெரிய ஆள். நான் மூன்று வரியையும் சொல்லி முடித்ததும் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தார்.

"நானா, நாப்பது மணித்தியாலம் இவன வளத்தது நான். சாகப் போறதெண்டா என்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாணாமா?"

வங்கி மிஸ்ஸின் சந்தேகம்

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சிவகௌரி மிஸ் வங்கி அதிகாரி. சனிக்கிழமைகளில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் விளையாடுவார். அவருக்கு என் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. முடிவைப் பார்த்தவர் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. கைப்பையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஊரைக் காப்பாத்தினது சரி தம்பி. அவன்ர தாய்க்கு ஆர் போய்ச் சொன்னது?"

மீன் பிடித்த மூன்று வாரம்

செல்வகுமார் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கண்டியில் துணிக்கடை வேலை. அதே கேமை ஆரம்பித்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டேன். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். இவருடையது ஒன்று பொருந்துகிறதாம். ஒவ்வொரு பரிசோதனையும் முடிந்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் இங்கே வருகிறாராம்.

இந்தப் பிள்ளை அந்த முடிவைப் பார்த்துப் பயந்து பின்வாங்கினால் அக்காவின் கதி என்ன? பயந்துகொண்டே சத்திரசிகிச்சைக்குப் போய்ப் படுத்து ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய கதி என்ன? இரண்டில் எது நடந்தாலும் பாவம் என் தலையில்தான். வேறு கேம் போடவா என்றேன், மறுத்தார். டிஸ்க்கில் கீறல் என்றேன், துடைத்துக் கொடுத்தார். கடைசியாக, அந்தக் கேமில் ஒரு குளம் உண்டு, நூறு மீன் பிடித்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும் என்று அண்டப்புளுகு ஒன்றை அவிழ்த்துவிட்டேன். மூன்று வாரம் பொறுமையாகப் பிடித்தார். எழுபதாவது மீனில் திரும்பிப் பார்த்தார்.

"நானா, ஊரு முழுகப் போகுதுன்னு எல்லாரும் கத்துறாங்க. நாம ஏன் இன்னும் மீன் புடிச்சிக்கிட்டிருக்கோம்?"

பொய்த் தமிழ்

மீன் புளுகு அதோடு முடிந்தது, கதை நகர்ந்தது, அந்த நாளும் வந்தது. "நாளைக்கு வார்ட்டுல சேரணும் நானா, இன்னைக்கு இத முடிச்சிரணும்" என்று உட்கார்ந்தார். கதவு இறங்கியது, திரை வெள்ளையானது, எழுத்து வந்தது. ஆள் மறுபக்கத்தால் வெளியே வந்துவிட்டான், சின்னக் காயம்தான், ஆறு மாதத்தில் கல்யாணம் என்று கடகடவென்று சொன்னேன். கல்யாணத்தை ஏன் சேர்த்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்தார்.

"'டெத்'துங்கிற எழுத்து எனக்குத் தெரியும் நானா. நான் கையெழுத்து வச்ச ஆஸ்பத்திரி ஃபோம்ல மூணு எடத்துல இருந்திச்சி."

அக்கா வந்தார்

சத்திரசிகிச்சை நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பின்னேரம் ரெண்டு பேரும் சுகம் என்று செய்தி வந்தபோது கடையில் இருந்த எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கிளினிக் முடிந்து இருவரும் படியேறி வந்தார்கள். அக்கா ஜெயந்தி முகக்கவசம் போட்டிருந்தார். "தம்பி சொன்ன அந்தக் கடைசிய எனக்குக் காட்டுங்க" என்றார். காட்டினேன். இந்த முறை மூன்று வரியையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். செல்வகுமார் தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கீழே இறங்கினார். அவர் போகும் வரை காத்திருந்துதான் அக்கா வாயைத் திறந்தார்.

"செத்தவன விடுங்க நானா, பொழச்ச ஊருக்காரங்கதான் பாவம். கேம் வெளையாடுறான்னு இவனத் தெனமும் திட்டுவேன். இப்ப வாயத் தொறந்தா அவன் குடுத்த கிட்னிதான் ஞாபகம் வருது, திட்ட முடியல."

கேம்களின் முடிவெல்லாம் எனக்கு மனப்பாடம். முடிந்த பிறகு வீட்டுக்குப் போய் ஒன்றாகச் சாப்பிட வேண்டியவர்கள் படும் பாட்டைத்தான் எந்தக் கேமும் சொல்லித் தரவில்லை.