ஆத்தாவுக்குச் சேனை வைத்தவள்

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் மார்க்கையன்கோட்டைக்கு ஒரு பேய் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே, வெல்லம் காய்ச்சாமல் சும்மா கிடந்த ஆலைக் கொட்டகையில் அது தங்கியிருந்தது. களையெடுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்களை அது பேர் சொல்லிக் கூப்பிட்டது. குரலைக் கேட்டதும் அவர்களுக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"ரங்கோன்ல குண்டு விழுந்து செத்தாளே, அந்த ஜக்கம்மாதேன்! மொட்டைத் தலையோட உக்காந்திருக்கா!"

ஜக்கம்மாவின் மகள் சுப்புத்தாய்க்கு அப்போது ஒன்பது வயது. அவளை நாலு வயதில் மாமன் மொக்கைச்சாமி வீட்டில் விட்டுவிட்டு, அப்பா குருசாமியும் ஆத்தாவும் ரங்கோனுக்கு அரிசி மில் வேலைக்குக் கப்பலேறினார்கள். போன மார்கழியில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அங்கிருந்து தப்பி வந்த சின்னமனூர்க்காரர் ஒருவர், அந்த மில் இருந்த இடத்தில் செங்கல்கூட மிச்சமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மாமன் மாசி மாதமே தங்கச்சிக்கும் மச்சானுக்கும் கருமாதி செய்துவிட்டார்.

சண்டைக் காலம் பிள்ளைகளுக்குப் புதுப்புதுப் பேய்களைக் கொடுத்திருந்தது. ஏரோப்பிளேனோடு விழுந்து செத்த வெள்ளைக்காரன் ஆற்றங்கரைப் புளியமரத்தில் உட்கார்ந்து பிஸ்கோத்துக் கேட்கிறான் என்பார்கள். இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலகர்த்தா மாமன் மகன் கருத்தக்கண்ணன். சுப்புத்தாயைவிட மூன்று வயது மூத்தவன்.

"கடல் தாண்டிச் செத்தவுகளுக்கு வாய்க்கரிசி போட ஆளில்ல. அதேன் பசியோட நடந்தே ஊருக்கு வந்திருதுக" என்றான்.

"என்ன குடுத்தாலும் திங்குமா?" என்று சுப்புத்தாய் கேட்டாள்.

"உப்பு மட்டும் ஆகாது. உப்புப் பட்டா புகையாப் போயிரும்."

ஆத்தாவின் முகம் சுப்புத்தாய்க்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் இருப்பது தன் ஆத்தா, அதற்குப் பசிக்கிறது. இந்த இரண்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தன. பேயாக இருந்தால் என்ன, பேய்க்கும் அவள்தானே மகள்?

மறுநாள் உச்சிப்பொழுது. பேய்க்கு உகந்த வேளை என்று பிள்ளைகள் தெருவுக்கே வராத நேரம். அத்தை கஸ்தூரியம்மாள் கைக்குழந்தையைத் தூங்கவைக்கும்போது கண்ணயர்ந்துவிட்டாள். சுப்புத்தாய் தூக்குச்சட்டியில் கேப்பைக் கஞ்சியை ஊற்றினாள். உப்பை எடுத்த கை சற்று நின்றது. உப்புப் பட்டு ஆத்தா புகையாகப் போய்விட்டால்? போகட்டும், ஆனால் தெரிந்தாக வேண்டும். ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாள்.

வாய்க்கால் வரப்பில் நேராகப் பார்த்தபடி நடந்தாள். திரும்பிப் பார்த்தால் ஓடிவிடுவோம் என்று தெரிந்ததால் திரும்பவே இல்லை.

கொட்டகைக்குள் கரும்புச் சக்கை மேல் அது சாய்ந்திருந்தது. எலும்பும் தோலும். கால்கள் மட்டும் வீங்கிப் புண்ணாகியிருந்தன. சுப்புத்தாய் சட்டியைக் கீழே வைத்து, ஒரு கழியால் முன்னே தள்ளிவிட்டாள். அது இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்தது. பாதிச் சட்டியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தது.

"ஏத்தா, யாரு காய்ச்சுன கஞ்சி இது? உப்புக் கரிக்குதே!"

புகை ஒன்றும் வரவில்லை. சுப்புத்தாய் கழியைக் கீழே போட்டாள்.

"நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று அது கேட்டது.

"மொக்கைச்சாமி மாமன் வீடு. ரங்கோன்ல செத்துப்போன ஜக்கம்மா மக."

அந்த உருவம் சட்டியைக் கீழே வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "நான் செத்தேன்னு யாருத்தா சொன்னது?"

சுப்புத்தாய் கிட்டே போய் அந்த வீங்கிய பாதத்தைத் தொட்டாள். காய்ச்சலில் அது சுட்டது.

வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னதும் கஸ்தூரியம்மாள் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் போய்விட்டாள். அவள் கெட்டவள் அல்ல. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களோடு காலராவும் வந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. பேயோ ஆளோ, அவளுக்கு இரண்டும் பயம்தான்.

"கருமாதி முடிஞ்ச ஆளு நடை ஏறுனா இந்த வீட்ல இன்னொரு சாவு விழுகும். அங்கன போகாத!"

"அப்ப நானும் இங்கன வரல அத்தை" என்றாள் சுப்புத்தாய். தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

மூன்று நாள் அவள் அங்கேயே இருந்தாள். மாமன் தினமும் வாய்க்கால் மேட்டில் நின்று, வா என்று கூப்பிடுவார். "ஆத்தாளோட வாரேன்" என்ற ஒரே பதில்தான் வரும். மேட்டில் கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சிப் புண்ணைக் கழுவியதும் சுப்புத்தாய்தான். இரண்டாம் நாள் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

"குண்டுக்குத் தப்பி நடந்து வந்தப்ப மலைப்பாதையில காய்ச்சல்ல போயிட்டாரு. பொணங்க அங்கனங்கன கெடந்துச்சு, யாரும் மூடல. உங்க ஐயாவ மட்டும் நான் கையாலயே குழி பறிச்சு மூடிட்டுத்தேன் நடந்தேன்."

"ஐயா பேயா வருவாரா?"

"வரமாட்டாரு. பயப்படாத."

"பயப்படல. வந்தா நல்லாருக்கும்னு கேட்டேன்" என்றாள் சுப்புத்தாய். ஜக்கம்மா அப்போதுதான் அழுதாள். பர்மாவிலிருந்து புறப்பட்ட பிறகு முதல் தடவையாக.

நாலாம் நாள் மாமன் மேட்டில் நிற்கவில்லை. இறங்கி வந்துவிட்டார், கோயில் பூசாரி ராக்கையாவோடு. தங்கச்சியைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராக்கையா வழி சொன்னார்: செத்ததாகக் காரியம் செய்தாயிற்று, இனி பிறந்ததாகக் காரியம் செய்துவிட்டால் வீட்டுக்குள் வரலாம். பச்சைப் பிள்ளைக்குச் செய்வதுபோல மஞ்சள்நீர் ஊற்றி, நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைத்துப் பேர் விட வேண்டும்.

"சேனை வைக்கப் போறது யாரு?" என்று மாமன் கேட்டார்.

"நான்" என்றாள் சுப்புத்தாய்.

முல்லையாற்றங்கரையில் ஊரே கூடி எட்டி நின்றது. பிள்ளைகள் மரத்தில் ஏறியிருந்தார்கள். மாமன் தங்கச்சியின் தலையில் மஞ்சள்நீரை ஊற்றினார். சுப்புத்தாய் சீனித்தண்ணீரை விரலில் தொட்டு ஆத்தாவின் நாக்கில் வைத்தாள்.

"பழைய பேரு செத்துப்போச்சு. புதுப் பேரா ஒண்ணு சொல்லு. மொக்கம்மாள்னு விடுவமா?" என்றார் ராக்கையா.

"மாட்டேன். எங்க ஆத்தா பேரு ஜக்கம்மா."

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குல்ல தாயி?"

"அந்தப் பேரோடதேன் அம்புட்டு தூரம் நடந்து வந்திருக்கா. வேற பேரு விடமாட்டேன்."

ராக்கையா தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தலையசைத்தார். சுப்புத்தாய் ஆத்தாவின் காதில் வாய்வைத்து "ஜக்கம்மா, ஜக்கம்மா, ஜக்கம்மா" என்று மூன்று தடவை ஊர் கேட்கக் கத்தினாள். காது அடைத்துப்போன ஜக்கம்மா சிரித்துவிட்டாள். பேய் சிரிக்கிறது என்று மரத்திலிருந்து இரண்டு பேர் குதித்து ஓடினார்கள். முதலில் ஓடியவன் கருத்தக்கண்ணன். கஸ்தூரியம்மாள்தான் முன்னால் வந்து நாத்தனாரின் ஈரத்தலையைத் துவட்டினாள்.

புண் ஆறியதும் ஜக்கம்மா வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குப் போனாள். ஒரு வருஷத்துக்கு அவள் பக்கத்தில் நின்று வேலை செய்ய யாரும் வரவில்லை. தனியாக ஒரு வரிசையைப் பிடித்துச் செய்தாள். சுப்புத்தாய் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் போய் அந்த வரிசையில் சேர்ந்துகொள்வாள்.

சண்டை முடிந்து நாலைந்து வருஷம் கழித்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். "எங்க ஆத்தா என்கூடத்தேன் இருப்பா. சம்மதம்னா தாம்பாளத்த வைங்க" என்று அவளே வெளியில் வந்து சொன்னாள். முதலில் வந்தவர்கள் எழுந்து போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். மூன்றாவதாகச் சுருளிப்பட்டியிலிருந்து நல்லகண்ணு வந்தான். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"உங்க ஆத்தாளுக்குக் கொடிக்கா வேல தெரியுமாமே? எங்க தோட்டத்துக்கு ஆளு வேணும்."

அடுத்த தையில் கல்யாணம் முடிந்தது. வண்டியில் மூன்று பேரும் சேர்ந்துதான் சுருளிப்பட்டிக்குப் போனார்கள்.