தாத்தா ஊதாமல் நின்ற நேரம்

1987 செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலை மறியல் நடந்த வாரம் அது. மறியலின் இரண்டாம் நாள் இது நடந்ததாக அம்மா இன்றும் சொல்வார். பள்ளிக்கூடம் மூடி இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன் என்பதால் மூன்றாம் நாள் என்பதே சரி. எங்கள் வீடு சின்னசேலத்தில். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது.

அன்று காலை, கச்சிராயபாளையத்துக்கு அப்பால் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். தாத்தாவின் பட்டாளத்து நண்பர் இறந்துவிட்டார், பொழுது சாய்வதற்குள் அடக்கம் என்று சொன்னார். தாத்தா என் அம்மாவின் அப்பா. கேட்டதும் அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பிகிலை எடுத்தார். ராணுவத்தில் ஊதுகிற வளைந்த பித்தளைக் கருவி அது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இருந்தவர் தாத்தா. பேண்டு வாத்தியக் குழுவில் அவருக்குப் பிகில், நண்பருக்கு டிரம். சண்டை நடக்கும்போது பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போவார்களாம். ஒரே ஸ்ட்ரெச்சரின் முன் பக்கம் ஒருவர், பின் பக்கம் ஒருவர். சாவில் யார் முந்திக்கொண்டாலும் மற்றவர் வந்து வாசிப்பது என்று அங்கே பேசி வைத்துக்கொண்டார்களாம். இந்த ஒரு விஷயத்தைத் தவிர போரைப் பற்றித் தாத்தா அதிகம் சொன்னதில்லை.

பாட்டைப் பற்றி என்றால் நாள் முழுக்கப் பேசுவார். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர்தான் ஆர்மோனியம் வாசிப்பார். ஆடியில் மாரியம்மனுக்கு நாயனம் வந்தால் மேளக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடும்போது யாராவது பேசினால், பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போவார். இதற்காகக் கடைத்தெருவில் அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது.

அம்மா வாசலை மறித்து நின்றார். "ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டுக்கினு நிக்கிறாங்க. துப்பாக்கிச் சூடு வேறன்னு பேப்பர்ல வந்துகிது. இந்தக் காக்கிக் கோட்டப் போட்டுக்கினு போனா போலீசுன்னு அடிச்சிடுவாங்கப்பா."

"கோட்டு பைக்குள்ளதான் இருக்கும். அங்க போய்ப் போட்டுக்கிறேன்" என்றார் தாத்தா.

பெண்பிள்ளை கூடப் போனால் வழியில் வம்பு வராது என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. என்னையும் அனுப்பினார். தாத்தா சைக்கிளை மிதிக்க, நான் கேரியரில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாலை நெடுக, வெட்டிய புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. ஒவ்வொரு மரத்திலும் இறங்கி, இருவருமாகச் சைக்கிளைத் தூக்கிக் கடந்தோம். சாவுக்குப் போகிறோம் என்றதும் மறியல்காரர்கள் வழிவிட்டார்கள். "பித்தள வெளக்கற புளியெல்லாம் ரோட்டுல கெடக்குது பாரு" என்றார் தாத்தா. அன்று வழியில் அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுக்கத் தயாராக இருந்தார்கள். பஸ் ஓடாததால் வெளியூர் உறவினர் யாரும் வந்திருக்கவில்லை. ஊரிலும் இளவட்டங்கள் மறியலுக்குப் போய்விட்டார்கள். தூக்குவதற்கே ஆள் குறைவு. தாத்தா கோட்டை மாட்டிக்கொண்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு, பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்.

அந்தக் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம். ஆனால் பெண்கள் இடுகாட்டுக்குள் போகக்கூடாது. இறந்தவரின் மகன் என்னிடம், "நீ வரப்புலயே நில்லும்மா, கோச்சிக்காத" என்றார். அதனால் நான் வேலிக்கு வெளியே வரப்பில் நின்றேன். எதிரே மலை. அதன் பக்கம் ஓர் ஓடை.

உடலைக் குழியில் இறக்கியதும் தாத்தா நிமிர்ந்து நின்று பிகிலை உதட்டில் வைத்தார். ராணுவத்தில் சாவுக்கு ஊதுவது இரண்டு பகுதி. முதலில் விடைகொடுக்கும் ஊதல், மெதுவாக நீண்டு போகும். பிறகு கொஞ்ச நேரம் மௌனம். அதன்பின் விடியற்காலையில் வீரர்களை எழுப்புகிற ஊதல். முதல் பகுதி மலையில் மோதித் திரும்பிக் கேட்டது. ஒலி அவ்வளவு தூரம் போகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

சுடுவதற்கு முன்னால் போலீசும் பிகில் ஊதி எச்சரிப்பார்கள்.

ஓடைக்குள்ளிருந்து ஒரு கூட்டம் ஏறி ஓடி வருவதை முதலில் பார்த்தவள் நான்தான். கையில் சவுக்குக் கட்டை, கோடாலி. "போலீசு ஊருக்குள்ள பூந்துட்டான்டா, வாங்கடா!" என்று முன்னால் வந்தவன் கத்தினான். நான் குறுக்கே போய், "போலீசு இல்லண்ணா, எங்க தாத்தாண்ணா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. என்னை ஒதுக்கிவிட்டு வேலியைத் தாண்டினார்கள். அங்கே அவர்கள் கண்ட ஒரே காக்கி, தாத்தா.

அப்போது முதல் ஊதல் முடிந்திருந்தது. தாத்தா பிகிலை இடக்கையில் தொடையோடு ஒட்டிப் பிடித்து, வலக்கையால் குழியைப் பார்த்து சல்யூட் அடித்து நின்றார்.

"யோவ், யார்யா நீ? போலீசா?"

தாத்தா பதில் சொல்லவில்லை.

"இன்னாய்யா, கேக்கறன்ல? காது கேக்கலியா?"

தாத்தாவின் தலைகூடத் திரும்பவில்லை. ‘பட்டாளத்துக்காரன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘சொல்லு தாத்தா, சொல்லிடு தாத்தா’ என்று வரப்பில் நின்று மனசுக்குள் கதறினேன். அந்த இளைஞன் கட்டையை ஓங்கியபடி அவர் பக்கத்தில் போய்விட்டான். இறந்தவரின் மகன் மண்வெட்டியோடு சிலையாக நின்றிருந்தார். அடி விழுந்துவிட்டது என்றே நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வராததால் திறந்தேன். இளைஞனின் பார்வை தாத்தாவின் மெடல்களிலிருந்து குழிக்குள் போனது. உள்ளே, வெள்ளைத் துணி சுற்றிய உடலின் மேல் இரண்டு டிரம் குச்சிகள் இருந்தன. ஓங்கிய கை மெல்ல இறங்கியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். யாரும் பேசவில்லை. வேப்பமரத்துக் காக்கைகூட அப்போது கத்தியதாக நினைவில்லை.

தாத்தா மறுபடி பிகிலை எடுத்து, எழுப்புகிற ஊதலைத் துள்ளலாக ஊதி முடித்தார். அதன்பிறகுதான் அந்த இளைஞன் பக்கம் திரும்பி, "பட்டாளத்துக்காரன். இவனும்" என்றார்.

"போலீசுன்னு நெனச்சிட்டோம் தாத்தா."

"போலீசுக்காரன் இவ்ளோ சுதி சுத்தமா ஊதுவானாடா?"

அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். கட்டைகளை வேலியோரம் போட்டுவிட்டு, உறவினர் வராத அந்தக் குழிக்கு அவர்கள்தான் மண் தள்ளினார்கள்.

திரும்பும்போது அந்த இளைஞன் முதல் மரம் வரைக்கும் கூட வந்து, சைக்கிளை ஒற்றை ஆளாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். "அடிச்சிருப்பன் தாத்தா. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றான்.

"பாட்டு நடுவுல எப்பிடிப் பேசறது?"

"ஊதி முடிச்சிட்டு சும்மாதான நின்னீங்க?"

"அந்த சும்மா நின்னதும் பாட்டுலதான்டா சேத்தி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

ஊர் எல்லை வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். தாத்தாவும் அழுதாரா என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது.

1993 ஐப்பசி மழையில் தாத்தா காலமானார். அவருக்கு வாசிக்க வேண்டிய டிரம்காரர் முந்திக்கொண்டுவிட்டார். பிகில் ஊத ஆள் தேடினோம், கிடைக்கவில்லை. கேசட்டில் போடலாம் என்று ஒரு மாமா சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்தார். எல்லோரும் குடையும் பேச்சுமாகக் கலையத் தொடங்கினார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் நனைந்தபடி முன்னால் வந்தார். செய்தி அவருக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட விதத்தில்தான் அடையாளம் கண்டேன்.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க" என்றார். பேச்சு அடங்கியது. மழை மட்டும் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. அவரே தலையசைத்த பிறகுதான் முதல் பிடி மண் போட்டோம்.

அந்தப் பிகில் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை புளி போட்டு விளக்கி வைக்கிறேன், ஊதத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் தாத்தா ஊதாமல் நின்ற அந்தப் பகுதியை மட்டும், அவரை அடிக்க வந்த ஒரு மனிதரிடமிருந்து நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டோம்.